தாய்லாந்துக்காரர்கள் தினமும் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதுதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கில் எட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள், வரப்போகிறவர்கள், சும்மா போனில் விசாரிக்கிறவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மூன்று வேளையில் இரண்டு வேளை தெருக்கடையில் சாப்பிடுகிற ஆள். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதால் கொஞ்சம் தேடிப் படித்த ஆள், அவ்வளவுதான். 'தாய் உணவு' என்று எழுதினால் அம்மா சமையல் என்று படிக்கத் தோன்றும், ஆகவே தாய்லாந்துச் சாப்பாடு என்றே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், நல்லதா கெட்டதா?

தட்டில் இருப்பது பெரும்பாலும் நல்லது. அதன்மேல் ஊற்றுவதும் தூவுவதும், சாப்பிட்டு எழுந்ததும் கையில் தூக்கிக்கொண்டு போகிற ஐஸ் குவளையும்தான் வம்பு.

பாத் தாய், பச்சை நிறக் கறிக் குழம்பு, தொம் யம் சூப்... தினமும் இதைத்தானே சாப்பிடுகிறார்கள்?

இல்லை. பாத் தாய் என்கிற அந்த அரிசி நூடுல்ஸ் வறுவல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி பிரதமர் பிபூன் சொங்கிராம் ஆட்சியில் தேசிய உணவாக ஊக்குவிக்கப்பட்டது. இன்றைக்கு என் அலுவலகத்தில் அதை மாதம் ஒருமுறை சாப்பிடுகிறவர்களே குறைவு. சுற்றுலாப் பயணிகளின் மெனுவை வைத்து தாய்லாந்துக்காரர்களின் வயிற்றை எடை போடக் கூடாது.

சாதாரண நாள் எப்படிப் போகிறது என்றால், காலையில் 'ஜோக்' என்ற அரிசிக் கஞ்சி, இல்லாவிட்டால் நடந்துகொண்டே தின்ன இரண்டு குச்சி 'மூ பிங்' (இனிப்பு தடவிச் சுட்ட பன்றி இறைச்சி), கூட ஒரு சின்னப் பையில் ஒட்டரிசிச் சோறு. மதியம் பத்துப் பதினைந்து தட்டுகளில் குழம்பும் வறுவலும் பரப்பி வைத்திருக்கிற கடையில் நின்று, விரலால் காட்டி, சோற்றின்மேல் இரண்டு வகை போட்டு வாங்குவது. அல்லது ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப். அவசரமென்றால் பாத் கப்ராவ், அதாவது கொத்திய இறைச்சியைப் பூண்டு மிளகாயோடு வறுத்து ஒரு கைப்பிடி துளசியை அள்ளிப் போட்டுக் கிளறுவது. ஆமாம், நம் துளசியேதான். முதல் தடவை பார்த்தபோது 'மாடத்துத் துளசியைப் பன்றிக்கறியிலா!' என்று அம்மா போனிலேயே அலறினாள்.

இரவு நிறையப் பேர் சமைப்பதே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ரப்பர் பேண்டு போட்ட பாலித்தீன் பைகளில் குழம்பு, பொரியல் வாங்கிக்கொண்டு, வீட்டில் சோறு மட்டும் வடிப்பார்கள். இப்படி வாங்குகிறவர்களுக்குப் 'பிளாஸ்டிக் பை இல்லத்தரசி' என்றே இங்கே ஒரு கேலிப்பெயர் உண்டு. நகரத்துத் தாய்லாந்துக்காரர் ஒருவரின் உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை, கடைக்காரர் கையில் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

ஆனால் எல்லோரும் ஒல்லியாகத்தானே இருக்கிறார்கள்?

இருபது வருடத்துக்கு முந்தைய போட்டோவில் இருந்தார்கள். 2019-20இல் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 42 சதவீதம் பேர் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 25ஐத் தாண்டியவர்கள். கால்வாசிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு, கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு நீரிழிவு. தென்கிழக்கு ஆசியாவில் உடல்பருமன் என்றால் மலேசியாவுக்கு அடுத்து தாய்லாந்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நாட்டில் நடக்கும் மரணங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி இதயம், பக்கவாதம், புற்றுநோய், சர்க்கரை போன்ற தொற்றா நோய்களால். எல்லாவற்றுக்கும் சாப்பாடே காரணம் என்று சொல்ல மாட்டேன், சிகரெட், சாராயம், நாற்காலி வேலை எல்லாம் இருக்கிறது. ஆனால் 'தாய்லாந்துச் சாப்பாடு சாப்பிட்டால் இளைப்போம்' என்று கிளம்பி வருகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

அப்படியானால் 'நல்லது' என்று எதைச் சொல்கிறீர்கள்?

'நம் பிரிக்' என்கிற மிளகாய்த் துவையலை. இதைத்தான் வருகிறவர்கள் யாரும் ஆர்டர் செய்வதில்லை.

மிளகாய், பூண்டு, 'கபி' என்கிற இறால் விழுது, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் பனைவெல்லம் எல்லாவற்றையும் உரலில் இடித்த துவையல் அது. ஒரு சின்னக் கிண்ணம்தான் வரும். அதைச் சுற்றி ஒரு தாம்பாளம்: வெள்ளரி, வட்டக் கத்தரிக்காய் பச்சையாக, அவித்த முட்டைக்கோஸ், காராமணி, வெண்டைக்காய், 'சாவோம்' என்ற முள்கீரையைப் போட்டுச் சுட்ட முட்டை அடை, பக்கத்தில் 'பிளா தூ' என்ற குட்டிக் கானாங்கெளுத்தி இரண்டு, கழுத்தை மடக்கி மூங்கில் தட்டில் அவித்துப் பிறகு பொரித்தது. கழுத்தை மடக்கினால்தான் தட்டுக்குள் அடங்கும் என்பார்கள். ஒரு ஆள் இதைச் சாப்பிட்டு முடிக்கும்போது தட்டு நிறையக் காய்கறி உள்ளே போயிருக்கும், மீனிலிருந்து நல்ல கொழுப்பும் புரதமும் போயிருக்கும், எண்ணெய் என்று பார்த்தால் அந்த அடையிலும் மீனிலும் ஒட்டியிருந்தது மட்டும்தான். கபியில் உப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொட்டுக்கொள்கிற அளவு.

அடுத்து தேங்காய்ப்பால் சேராத குழம்புகள். 'கேங் லியாங்' மிளகுக் காரத்தில் பூசணி, பீர்க்கங்காய், கீரை போட்ட தெளிந்த ரசம் மாதிரி இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பார்கள். 'கேங் சோம்' புளிக்குழம்பு, அதில் முருங்கைக்காய் போடுகிற வகையும் உண்டு. வேப்பம்பூவை அவித்து, புளியும் வெல்லமும் சேர்ந்த இனிப்புச் சாறோடும் சுட்ட கெளுத்தி மீனோடும் சாப்பிடுவார்கள். பச்சைக் கறிக் குழம்பில் மிதக்கிற குட்டிப் பச்சை உருண்டைகள் சுண்டைக்காய். மணக்கிற 'கா' பேரரத்தை. வல்லாரையை ஜூஸ் போட்டுத் தெருவில் விற்கிறார்கள், சங்குப்பூவை ஊறவைத்து நீலத் தண்ணீராகக் குடிக்கிறார்கள். நம் பாட்டி வைத்தியப் பெட்டியில் பாதி இங்கே சமையலறையில் கிடக்கிறது. அதனால் வியாதி தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தனை வகை இலை, பூ, காய் அன்றாடம் உள்ளே போவதே பெரிய விஷயம்.

வருத்தம் என்னவென்றால், என்னோடு வேலை பார்க்கிற இருபத்தைந்து வயதுக்காரர்கள் 'நம் பிரிக்'கைப் 'பாட்டி சாப்பாடு' என்கிறார்கள். அவர்கள் மதியச் சாப்பாடு வறுத்த கோழியும் சோறும்.

உப்பு ரொம்ப அதிகம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. என்னைக் கேட்டால் முதல் பிரச்சினையே இதுதான். 2019-20 வாக்கில் சிறுநீரைச் சோதித்து எடுத்த தேசிய ஆய்வில் ஒரு தாய்லாந்துக்காரர் ஒரு நாளைக்குச் சராசரியாக 3,600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உட்கொள்கிறார் என்று வந்தது. உப்புக் கணக்கில் 9 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உச்சவரம்பு 2,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு. தெற்கு மாகாணங்களில் இன்னும் அதிகம்.

எப்படி இவ்வளவு போகிறது என்று புரிய வேண்டுமானால் ஒரு நூடுல்ஸ் கடை மேசையைப் பாருங்கள். நடுவில் கைப்பிடி வைத்த ஒரு கம்பித் தட்டு, அதில் நான்கு குட்டி ஜாடிகள்: மீன் சாறு, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறின வினிகர், சர்க்கரை. கிண்ணம் வந்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவர் ருசி பார்க்கவே மாட்டார். முதலில் சர்க்கரை ஒரு கரண்டி, சில சமயம் இரண்டு. அப்புறம் மீன் சாறு இரண்டு கரண்டி. அப்புறம் வினிகர், மிளகாய். கிளறி, ஒரு வாய் குடித்து, மறுபடியும் மீன் சாறு. 'நம் பிளா' என்கிற இந்த மீன் சாறு ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். ஏற்கெனவே உப்புப் போட்டுக் கொதித்த சூப்பின்மேல் இது. கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் அன்றைய கணக்கு மதியத்தோடு முடிந்தது, ராத்திரி சாப்பாடு கடனில்தான்.

தப்பிக்க வழி சுலபம். நூடுல்ஸையும் கீரையையும் கறியையும் தின்றுவிட்டு சூப்பைப் பாதிக்கு மேல் விட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டுக்கும் இதே கதைதான். இங்கே எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் 'மாமா' என்றுதான் பெயர். மசாலாவைப் பாதி கொட்டினாலே போதும்.

அஜினோமோட்டோ போடுகிறார்கள்தானே? அது விஷம் இல்லையா?

போடுகிறார்கள், தாராளமாக. விஷம் இல்லை. சாதாரண உப்பில் இருக்கிற சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது. அஜினோமோட்டோவுக்குப் பயந்து 'அது வேண்டாம்' என்று சொல்லிவிட்டு மீன் சாற்றை இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்கிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவரிடம் விவாதிப்பதை விட்டுவிட்டேன்.

சர்க்கரை எங்கிருந்து வருகிறது? இனிப்புப் பலகாரம் அவ்வளவாகத் தெரியவில்லையே?

பலகாரத்தை மட்டும் தேடினால் கண்ணில் படாது. குழம்பில் பனைவெல்லம், வறுவலில் ஒரு சிட்டிகை, பப்பாளிச் சாலட்டில் ஒரு கரண்டி, நூடுல்ஸில் நீங்களே போட்டுக்கொள்வது, பழ வண்டியில் கொய்யாவோடு கொடுக்கிற உப்பு-சர்க்கரை-மிளகாய்ப் பொட்டலம் என்று சில்லறையாகச் சேர்கிறது. உலகத்தில் அதிகமாகச் சர்க்கரை ஏற்றுமதி செய்கிற நாடுகளில் இதுவும் ஒன்று, உள்ளூரிலும் குறை வைப்பதில்லை.

ஆனால் பெரிய தொகை குவளையில் வருகிறது. 'சா யென்' என்ற ஆரஞ்சு நிற ஐஸ் டீ போடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். துணி வடிகட்டியில் இறக்கிய டிக்காஷன், அதில் சர்க்கரை, அதன்மேல் டின் பால் நூலாக இறங்கிக்கொண்டே இருக்கும், போதும் போதும் என்று மனசு சொல்லும், நிற்காது, பிறகு ஐஸ், கடைசியில் மேலாக இன்னும் கொஞ்சம் டின் பால். ஒரே குவளையில் ஒரு நாளைக்கான ஆறு தேக்கரண்டி முடிந்துவிடும். அந்த ஆறு என் கணக்கு இல்லை. 'ஆறு-ஆறு-ஒன்று' என்று இங்கே சுகாதாரப் பிரசாரமே நடக்கிறது, நாளுக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, எண்ணெய் ஆறு, உப்பு ஒன்று.

2017 செப்டம்பரிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு வரி போடுகிறார்கள், சர்க்கரை கூடக்கூட வரியும் கூடும். பாட்டில் கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்ததும் நிஜம். ஆனால் தெருமுனை டீக்கடைக் குவளைக்கு அந்த வரி கிடையாது, அங்கே கை தாராளம்தான்.

தேங்காய்ப்பால் குழம்பு?

வாரம் ஒன்றிரண்டு முறை, பரவாயில்லை. கெட்டிப்பால் 100 மில்லியில் 20 கிராம் வாக்கில் நிறைகொழுப்பு இருக்கும், அதனால் இறைச்சியையும் காயையும் எடுத்துக்கொண்டு குழம்பைச் சோற்றில் குளமாக ஊற்றாமல் இருந்தால் போதும். வடக்கிலும் வடகிழக்கு 'ஈசான்' பகுதியிலும் தேங்காய்ப்பாலே அவ்வளவாகப் புழங்காது. தேங்காய்ப்பாலைவிட நான் பயப்படுவது 'காவ் மன் காய்' என்கிற கோழிச்சோற்றுக்கு. பார்க்க வெள்ளையாக, அவித்த கோழி, சாதுவாக இருக்கும். அந்த அரிசியே கோழிக் கொழுப்பில் வதக்கி வேகவைத்தது, ஒரு தட்டு 600 கலோரி பக்கம்.

எனக்குச் சுகர். சோறு என்ன செய்வது?

மல்லிகை அரிசி, வெள்ளை, மெத்தென்று வேகும், ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். ஒட்டரிசியும் அப்படித்தான், கையில் உருட்டி உருட்டித் தின்பதால் அளவும் தெரியாது. சின்ன மூங்கில் கூடைதானே என்று நினைத்து இரண்டு கூடை காலி செய்திருக்கிறேன். 'ரைஸ்பெர்ரி' என்று கருஊதா நிற அரிசி கிடைக்கிறது, கசேட்சார்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ரகம், தவிட்டோடு வரும். சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், சில குழம்புக் கடைகளில் ஐந்து பாட் (தாய்லாந்துப் பணம்) கூடக் கொடுத்தால் வெள்ளைக்குப் பதில் அதைப் போடுவார்கள். எனக்குப் பலித்தது அதைவிட எளிமையான வேலை: சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, ஒரு அவித்த முட்டை சேர்த்துக்கொண்டேன். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைத் திடீரென்று வெட்ட வேண்டாம்.

காய்கறி நிறையச் சாப்பிடுகிறார்கள், அதாவது சரிதானே? பூச்சிமருந்து?

நிறையச் சாப்பிட வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற 400 கிராம் காய்-பழ அளவைப் பெரும்பாலான தாய்லாந்துக்காரர்கள் எட்டுவதில்லை. ஒற்றைத் தட்டுச் சாப்பாட்டில் காய் என்பது மூன்று துண்டு வெள்ளரிக்காய்தான்.

பூச்சிமருந்து பயம் நியாயமானது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி, குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இரண்டையும் 2020 ஜூன் 1 முதல் தடை செய்தார்கள், வருடக்கணக்கில் இழுத்த சண்டைக்குப் பிறகு. அதோடு எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று இல்லை, சந்தைக் காய்களைச் சோதிக்கிற அமைப்புகள் இன்னமும் எச்சம் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள். இதற்குப் பயந்து கீரையையே விடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. ஒரு நல்ல செய்தியும் உண்டு: இதயத்துக்குக் கெடுதலான தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பின் மூலமான பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயை 2019 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள்.

தெருக்கடையில் சாப்பிட்டால் வயிறு கெடுமா?

கண்முன்னே கொதிக்கிற, வறுக்கிற சாப்பாடு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நடுவில் ஓட்டை போட்ட குழாய் ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வருவது, அதைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை. எட்டு வருடத்தில் எனக்கு மோசமாகப் போனது ஒரே தடவை, அதுவும் ஏசி போட்ட கடையில்.

உண்மையாகவே எச்சரிக்க வேண்டியது வேறு. ஈசான் பகுதியில் ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சையும் மிளகாயும் போட்டுத் தின்கிற பழக்கம் உண்டு, 'கோய் பிளா' என்பார்கள். அந்த மீனில் கல்லீரல் தட்டைப்புழு இருக்கும். எலுமிச்சைச் சாறு அதைக் கொல்லாது, கூடக் குடிக்கிற சாராயமும் கொல்லாது. புழு பித்தக்குழாயில் வருடக்கணக்கில் குடியிருந்து புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. உலகிலேயே பித்தக்குழாய்ப் புற்றுநோய் அதிகமாக இருப்பது ஈசானின் கோன் கேன் வட்டாரத்தில்தான், அந்தப் புழுவையே புற்றுநோய்க் காரணி என்று 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. வடக்கில் பச்சைப் பன்றி இறைச்சியும் ரத்தமும் கலந்த 'லாப்', 'லூ' வகைகள். அதில் வருகிற ஒரு பாக்டீரியா மூளைக்காய்ச்சலைக் கொடுத்து, பிழைத்தவர்களின் காதைச் செவிடாக்கிவிட்டுப் போகிறது. அன்போடு நீட்டுவார்கள். வேகவைத்ததைக் கேளுங்கள், கொடுப்பார்கள். பப்பாளிச் சாலட்டிலும் ஊறின பச்சை நண்டு, 'பிளா ரா' என்கிற ஊறல் மீன் வேண்டாமென்று சொல்லிவிடலாம், காய்ச்சிய பிளா ரா என்றால் பயமில்லை.

நான் சைவம். பிழைப்பேனா?

மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று கொடி தொங்குகிற கடையைத் தேடுங்கள். அங்கே மீன் சாறு, முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. மற்ற கடைகளில் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சி இருக்காது, மீன் சாறும் சிப்பிச் சாஸும் இருக்கும், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. ஜே கடையிலும் ஒரு எச்சரிக்கை: கோதுமைப் புரதத்தில் செய்த போலிக்கறியை எண்ணெயில் முக்கி எடுத்து வைத்திருப்பார்கள். டோஃபு, காளான், வள்ளைக்கீரை வறுவல் பக்கம் கை நீட்டுங்கள். பருப்பு என்பது இங்கே சாப்பாட்டில் அநேகமாக இல்லை, பாசிப்பயறு இனிப்பாகத்தான் வரும்.

சரி, கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

'காவ் நோய்' என்றால் சோறு கொஞ்சம். 'மாய் கெம்' என்றால் உப்பு தூக்கலாக வேண்டாம். 'வான் நோய்' என்றால் இனிப்புக் குறைவாக. 'மாய் சாய் நம் தான்' என்றால் சர்க்கரையே போடாதே. பெண்கள் கடைசியில் 'கா' சேர்த்துக்கொள்ளுங்கள், ஆண்கள் 'கிராப்', மரியாதைக்கு.

எங்கள் தெருமுனையில் பப்பாளிச் சாலட் இடிக்கிற அம்மாவை எல்லோரும் 'பா' என்றுதான் கூப்பிடுவோம், பெரியம்மா என்று அர்த்தம். மர உரலில் பூண்டும் மிளகாயும் போட்டு இரண்டு இடி, காராமணியை ஒடித்துப் போட்டு இரண்டு இடி, தக்காளி, எலுமிச்சை, மீன் சாறு, பிறகு பனைவெல்லக் கரண்டி உரலுக்குமேல் வந்து நிற்கும், என் முகத்தைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு கரண்டி. 'வான் நோய்' என்றால் ஒன்றரை. ரத்தப் பரிசோதனை முடிந்து வந்த அன்று 'மாய் சாய் நம் தான், பா' என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.